பெயரில்லாத இரண்டு ஸ்லைடுகள்

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் அவரைக் கம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆளும் கம்பி மாதிரி, பார்க்கிற வேலையும் கம்பிகளோடு. சேர்ந்த புதிதில் யாரோ வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சம்பளப் பிரிவில் இருந்த பெண்ணே அவருடைய உண்மைப் பெயரைக் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். லீவு கேட்டுப் போனால், “என்ன, கம்பி நீட்டப் போறீங்களா?” என்பார் மேலாளர். ஒவ்வொரு தடவையும் அதற்குச் சிரித்துவைப்பதும் வேலையில் ஒரு பகுதி என்று கம்பி எடுத்துக்கொண்டிருந்தார்.

ஊரிலுள்ள ஆஸ்பத்திரிகளிலிருந்து அங்கே சதைத் துண்டுகள் வரும். அறுவை செய்து எடுத்த கட்டி, ஊசியால் உறிஞ்சிய துளி, எல்லாம் மருந்தில் ஊறிய சின்னச் சின்ன டப்பாக்களில். வாசல் கவுன்டரில் நோயாளியின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் ஓர் எண் ஸ்டிக்கராக வெளியே வந்து விழும். டப்பாவோடு வந்த சீட்டையும் அங்கேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள்; அதற்குப் பிறகு உள்ளே எங்கேயும் பெயர் கிடையாது. டப்பாவில் எண், மெழுகுக் கட்டியில் எண், மெல்லியதாகச் சீவி ஒட்டிய கண்ணாடி ஸ்லைடில் எண். மைக்ராஸ்கோப்பில் பார்க்கிற டாக்டருக்கு அது யாருடையது என்று தெரியக்கூடாது என்பது அங்கே விதி. நல்ல விதிதான். ஆனால் எந்த எண் எந்தப் பெயருக்கு என்பது ஒரே இடத்தில்தான் இருந்தது. நடைவழியின் கடைசியில், கம்பியின் பொறுப்பிலிருந்த குளிரூட்டிய அறையில், ஒரு சர்வருக்குள்.

அந்த சர்வரில் ஓடிய மென்பொருள் பெரிய நிறுவனம் ஒன்று விற்பது. எந்தெந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மேல் அதை ஓட்டலாம் என்று அந்த நிறுவனமே ஒரு பட்டியல் போட்டிருக்கும். பட்டியலில் உள்ளதில் ஓட்டினால் எந்தக் கோளாறு வந்தாலும் கூப்பிடலாம், பார்த்துக்கொடுப்பார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பழைய மெஷின் புகைந்து போய்ப் புதியது வந்தபோது, பட்டியலில் இருந்த சிஸ்டத்துக்கு வருஷா வருஷம் கட்டணம் கட்ட வேண்டும் என்றார்கள். மேலாளர் முகத்தைச் சுளித்தார். அதே போலவே இருக்கும் இலவச சிஸ்டம் ஒன்று உண்டு, அச்சு அசல் அதுதான், பெயர் மட்டும் வேறு என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மென்பொருளை அதில் ஏற்றப் போனால், “இது எனக்குத் தெரியாத சிஸ்டம்” என்று நிறுத்திக்கொண்டது. கம்பி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து யோசித்தார். சிஸ்டத்தின் பெயர் எழுதியிருக்கும் ஒரு சின்ன கோப்பைத் திறந்து, அந்த ஒரு வரியை மட்டும் பட்டியலில் உள்ள பெயராக மாற்றினார். மென்பொருள் மறு பேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் மனைவியிடம், “பேரை மாத்திச் சொன்னேன், நம்பிடுச்சு” என்று சொல்லிச் சிரித்தார். மனைவிக்கு முழுதாகப் புரியவில்லை. ஆனாலும் வீட்டுக்காரர் சிரிக்கிறாரே என்று அவளும் சிரித்தாள்.

மூன்று வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு ஒரு வியாழக்கிழமை முற்பகலில் கவுன்டரில் திரை அப்படியே உறைந்து நின்றது. கம்பி சர்வரை நிறுத்திப் போட்டார், சரியானது. மறுநாள் இரண்டு தடவை நின்றது. அதற்கடுத்த வாரம் காலையில் போட்டால் மதியம் வரைகூடத் தாங்கவில்லை. கவுன்டரில் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. பேர் சொல்லி, வயது சொல்லி, பாதியில் திரை உறைந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னவர்கள் கவுன்டர் பெண்ணைத் திட்டினார்கள். அவள் நடைவழியில் ஓடி வந்து கம்பியின் கதவைத் தட்டுவாள். வாயைத் திறக்கவே மாட்டாள், கதவில் தட்டுகிற வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிடும்.

கம்பி அந்த நிறுவனத்தின் சப்போர்ட்டைக் கூப்பிட்டார். பேசிய பெண் முதல் கேள்வியாக என்ன சிஸ்டம் என்றுதான் கேட்டாள். கம்பி பட்டியலில் இருந்த பெயரைச் சொன்னார். அவள் ஒரு சின்ன புரோகிராமை அனுப்பி, அதை ஓட்டி, வருவதைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். வாசலில் மாட்டிய பெயர்ப் பலகை அந்தப் புரோகிராமிடம் எடுபடவில்லை. வீட்டுக்குள் புகுந்து பார்த்துவிட்டு வந்தது. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: உங்கள் சிஸ்டம் எங்கள் பட்டியலில் இல்லை, பட்டியலில் உள்ள சிஸ்டத்தில் இதே கோளாறு வந்தால் எங்களைத் தொடர்புகொள்ளுங்கள்.

அவர் மறுபடி கூப்பிட்டார். இது பயாப்சி பார்க்கிற இடம், ஜனங்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டாள். அவள் குரலில் இரக்கம் இருந்தது. அதற்கு மேல் கொடுக்க அவளிடமும் ஒன்றுமில்லை. அதே வாக்கியத்தை இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்.

இலவச சிஸ்டத்துக்கு யாரைக் கூப்பிடுவது? அதற்கு ஆளே கிடையாது. இணையத்தில் தேடியபோது எப்போதோ யாரோ இதே கோளாறைப் பற்றிக் கேட்டிருந்தது கிடைத்தது. கீழே இரண்டு மூன்று பேர், ‘எனக்கும் இப்படித்தான் ஆகிறது’ என்று எழுதியிருந்தார்கள். பதில் எதுவும் இல்லை.

மேலாளரிடம் போனார். “இத்தனை வருஷம் ஓடுச்சில்ல? திடீர்னு ஏன் ஓடாம போவுது?” என்று கேட்டார் அவர். முறையான சிஸ்டத்துக்கு மாறிவிடலாம் என்றார் கம்பி. அடுத்த மாசக் கூட்டத்தில் பேசலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார். கூடத்தின் பொறுப்பில் இருந்த பெரிய டாக்டர், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய அம்மாள், அதிகம் பேசமாட்டார். அவர் மட்டும் கம்பியின் அறை வாசலில் வந்து நின்று, “ஏதாவது பண்ணுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இரண்டு வார்த்தை மேலாளர் பேசிய எல்லாவற்றையும்விட அவரைப் பிடுங்கித் தின்றது.

கம்பியின் மைத்துனன், மனைவியின் தம்பி, அதே மென்பொருள் நிறுவனத்தில்தான் வேலை பார்த்தான். வேறு ஊரில், அதே சப்போர்ட் பிரிவில். இத்தனை நாள் அவனிடம் கேட்காததற்குக் காரணம் கூச்சம்தான். பெண் எடுத்த வீட்டில் போய் உதவி கேட்பதா என்ற பழைய வீம்பு என்றும் சொல்லலாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் அக்காவைப் பார்க்க வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்காவே ஆரம்பித்துவிட்டாள்.

“உங்க மாமா ஒரு வாரமா சோத்தைப் பிசையறதோட சரி. ஆபீஸ்ல ஏதோ மெஷினாம். உன் கம்பெனி மெஷின்தானாம். நீ என்னன்னு கேளுடா.”

கம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார். மைத்துனன் கேட்கக் கேட்கத் தலையாட்டினான். அது அவனுக்குத் தெரிந்த வியாதி. மென்பொருள் உள்ளே வைத்திருக்கும் அடுக்கு ஒன்று கலைந்து போவதால் வருவது. ஒரு கமாண்ட் கொடுத்து அடுக்கை மறுபடி கட்டிவிட்டால் தீர்ந்தது. எத்தனையோ பேருக்குப் போனிலேயே சொல்லிச் சரிசெய்திருக்கிறான். ஆனால் எந்த சிஸ்டம் என்று கம்பி சொன்னதும் அவன் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

“அதுல நான் பண்ணதில்ல மாமா. எங்க ஆபீஸ்ல யாரும் பண்ணதில்ல. பண்ணவும் கூடாது.”

“ரெண்டும் ஒண்ணுதானே, மாப்ளே?”

“ஒண்ணுன்னு நாங்க சொல்ல மாட்டோம். ஒண்ணு மாதிரி.”

அக்கா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தன்னுடைய ஆபீஸைத் திட்ட ஆரம்பித்தான். அந்தப் பட்டியலே காசு பிடுங்குகிற வேலை, உள்ளே எல்லாம் ஒரே சரக்குதான், சட்டைதான் வேறு, இதை நாங்களே கேண்டீனில் சொல்லிச் சிரிப்போம் என்றான். பேசப் பேச அவனுக்கே தைரியம் வந்துவிட்டது. கை கழுவியதும் இருவரும் கிளம்பினார்கள்.

ஞாயிறு மதியம் கூடத்தில் காவலாளியைத் தவிர யாருமில்லை. சர்வர் அறையில் நாற்காலியைக் கம்பி அவனுக்கு இழுத்துப் போட்டார். அவன் உட்காரவில்லை.

“நான் கை வைக்க மாட்டேன், மாமா. நான் சொல்றேன், நீங்க அடிங்க.”

பேக்கப் நகல் இருக்கிறதா என்று கேட்டான். தினமும் தானாக எடுக்கிறது என்று கம்பி காட்டினார். ஒவ்வொரு நாளுக்கு எதிரிலும் ‘முடிந்தது’ என்று இருந்தது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்ததுண்டா என்றான். ஆரம்பத்தில் பார்த்தோம், சரியாக இருந்தது என்றார். அதோடு இருவரும் திருப்திப்பட்டுக்கொண்டார்கள். அவன் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, கம்பி அடித்தார். என்டர் தட்டுவதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையாட்டினான்.

திரையில் ஒரு கோடு நகர்ந்துகொண்டே போனது. பாதியைத் தாண்டியதும் நின்றது. சில சமயம் நிற்கும், போகும் என்றான் மைத்துனன். அது போகவில்லை. பிறகு திரையில் ஒரே ஒரு வரி வந்தது. அதை மைத்துனன் இரண்டு தடவை படித்தான். அந்த வரியைத் தன் வேலையில் ஒரு நாளும் பார்த்ததில்லை என்றான்.

சர்வரை நிறுத்திப் போட்டார்கள். வந்தது. எண்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பெயர்கள் இருந்த இடம் காலியாக இருந்தது.

பேக்கப்பைப் போட்டார்கள். முதல் தடவை சர்வர் உறைந்த அந்த வியாழக்கிழமைக்கு முந்திய நாள் வரை எல்லாம் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு எடுத்த பேக்கப் அத்தனையும் வெறும் கூடு. பேக்கப் புரோகிராம் தினமும் கதவைத் தட்டியிருக்கிறது, திறக்கவில்லை, ‘முடிந்தது’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. ஒன்றரை வாரம் வந்த டப்பாக்கள் எல்லாம் உள்ளே இருந்தன. யாருடையவை என்று சொல்ல எதுவும் இல்லை.

மைத்துனன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். “அந்த லிஸ்ட்டைப் பாத்து சிரிச்சிருக்கேன் மாமா” என்றான். “அவங்க போட்டுப் பாத்ததைத்தான் அதுல எழுதியிருக்காங்க. இதைப் போட்டுப் பாக்கல. அவ்வளவுதான் அதுல இருக்கு.” மாலை வண்டிக்குக் கிளம்பும்போது கூடத்துப் படியில் நின்று, தன் பெயர் வரக்கூடாது, வந்தால் வேலை போய்விடும் என்றான். வராது என்று கம்பி சொன்னார். அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டான்.

திங்கட்கிழமை காலை பெரிய டாக்டரின் அறையில் கம்பி எல்லாவற்றையும் சொன்னார், மைத்துனனை மட்டும் விட்டுவிட்டு. பழுது பார்க்கப் போய் நானே அழித்துவிட்டேன் என்றார். மேலாளர் குதித்தார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு, “இதுல வெட்டி எடுத்த கட்டி எத்தனை இருக்கு?” என்று கேட்டார். ரத்தம் என்றால் மறுபடி எடுக்கலாம். ஊசிகூட மறுபடி போடலாம். வெட்டி எடுத்ததை இன்னொரு தடவை வெட்டி எடுக்க முடியாது.

அந்த வாரம் முழுக்க எல்லோரும் போனும் கையுமாக இருந்தார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரியையும் கூப்பிட்டு, எந்தத் தேதியில் யாருக்கு எந்த இடத்தில் எடுத்து அனுப்பினீர்கள் என்று கேட்டு, உள்ளே இருக்கும் டப்பாவோடு ஒத்துப்பார்த்தார்கள். தைராய்டு என்றால் தைராய்டு. குடல் என்றால் குடல். ஒரே மாதிரி இரண்டு வந்தால் அளவை வைத்து, நிறத்தை வைத்து, நோயாளி ஆணா பெண்ணா என்பதை வைத்துப் பிரித்தார்கள். கவுன்டர் பெண்ணுக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. கம்பி தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பதும், டப்பா எடுத்துக்கொடுப்பதும், சொன்னதை அடிப்பதுமாக இருந்தார். அவரைத் திட்ட யாருக்கும் நேரமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்கள் எண்களிடம் திரும்பி வந்தன. ஊசியால் உறிஞ்சி எடுத்தவர்களில் சிலரைத் திரும்ப வரவழைத்தார்கள். கடைசியில் இரண்டு மட்டும் மிஞ்சின.

இரண்டும் ஒரே சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து, ஒரே நாளில், ஒரே பெட்டியில் வந்தவை. இரண்டும் மார்பில் எடுத்த கட்டிகள். அளவில் வித்தியாசம் இல்லை. இரண்டு பெண்களுக்கும் வயதும் ஏறக்குறைய ஒன்று. அறுவை செய்த டாக்டர் நினைவுபடுத்திப் பார்த்துவிட்டுத் தெரியவில்லை என்றார். ஒரு ஸ்லைடில் இருந்தது ஒன்றுமில்லாத கொழுப்புக் கட்டி. இன்னொன்றில் இருந்தது புற்று.

ஏதாவது சொல்லிச் சமாளித்து இழுத்தடிக்கலாம் என்றார் மேலாளர். பெரிய டாக்டர் அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கம்பியைக் கூப்பிட்டார். “கம்ப்யூட்டர் தப்புன்னு மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு வாய் வரல. நீங்களும் இருங்க.”

இருவரையும் தனித்தனியாகப் பார்க்கத்தான் அவர் நினைத்திருந்தார். ஆனால் அவர்கள் வரும்போதே சேர்ந்து வந்தார்கள். அறுவை நடந்த அன்று அடுத்தடுத்த கட்டிலில் இருந்தவர்களாம். ஒருத்தி தையற்காரி. கடைவீதியில் பாவாடைக்கு நாடா கோப்பதிலிருந்து பேண்ட்டுக்கு மடிப்புத் தைப்பது வரை செய்கிறவள். ஊசி பிடித்துப் பிடித்து விரல் நுனியெல்லாம் தடித்திருந்தது. இன்னொருத்தி பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயா. கட்டிலில் இருக்கும்போதே தையற்காரியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள்.

பெரிய டாக்டர் உள்ளதை உள்ளபடி சொன்னார். வேன் ஆயா டாக்டரைப் பார்த்தாள், பிறகு அக்காவைப் பார்த்தாள், சட்டென்று பார்வையைக் கீழே போட்டுக்கொண்டாள். தையற்காரி கம்பியைப் பார்த்தாள்.

“இவரு யாரு?”

“கம்ப்யூட்டர் பாத்துக்கறவர்.”

“எப்படிங்க பேரு மட்டும் போகும்?” என்று அவரிடமே கேட்டாள்.

கம்பி என்ன சொல்வது என்று நிறைய யோசித்துவைத்திருந்தார். பட்டியல், சிஸ்டம், அடுக்கு என்று எல்லாம்.

“ரிப்பேர் பண்ணப் போய் அழிஞ்சிடுச்சும்மா. நான்தான் பண்ணேன்.”

“தெரிஞ்சா பண்ணீங்க?”

“இல்ல.”

“அப்ப தெரியாம எதுக்குக் கை வச்சீங்க?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அளவு தப்பாக வெட்டிவிட்ட துணியைப் பார்த்துக் கேட்பது போலக் கேட்டாள்.

இருவரிடமும் ரத்தம் எடுத்து, இரண்டு கட்டிகளோடும் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தால் எது யாருடையது என்று தெரிந்துவிடும். அதைச் செய்கிற இடம் தொலைவில் இருந்தது; பதில் வரச் சில வாரம் ஆகும். அதற்கு முன்னால் மருந்து ஆரம்பிக்க முடியாது, ஒன்றுமில்லாதவளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பது பாவம் என்றார் டாக்டர். காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு இருவரும் ஒன்றாகவே படி இறங்கிப் போனார்கள்.

புதிய சர்வர் அந்த வாரமே வந்து இறங்கியது. அடுத்த மாசக் கூட்டம் எதுவும் தேவைப்படவில்லை. பட்டியலில் உள்ள சிஸ்டம், கட்டணம் கட்டி, முத்திரையோடு வந்தது. அதை ஏற்றும்போது ஏதோ ஓர் இடத்தில் சிக்கியது. கம்பி சப்போர்ட்டைக் கூப்பிட்டார். அதே பெண்தான் எடுத்தாள். என்ன சிஸ்டம் என்று கேட்டாள், சொன்னார். கால் மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டு, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று வைத்துவிட்டு, கம்பி அந்த அறையின் குளிரில் வேலையே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

வீட்டில் மனைவி தினமும் அதையே கேட்டாள். “என் தம்பி ஏன் போனை எடுக்க மாட்டேங்கறான்? நீங்க ரெண்டு பேரும் அன்னைக்கு என்ன பேசிக்கிட்டீங்க?” வேலை அதிகமாக இருக்கும் என்றார் கம்பி. நான்தானே போய்ப் பாருடா என்று சொன்னேன், அதில் ஏதாவது தப்பாகிவிட்டதா என்று ஒருநாள் கேட்டாள். இல்லை என்றார். அவளுக்கு அந்த ‘இல்லை’ பிடிபட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டாள். அவர் தட்டைத் தள்ளிவைத்தால் வற்புறுத்துவதையும் நிறுத்திக்கொண்டாள்.

தையற்காரியும் வேன் ஆயாவும் பதில் வந்துவிட்டதா என்று கேட்க அடிக்கடி வந்தார்கள். போன் செய்கிறோம் என்று சொல்லியும் கேட்கவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேன் சும்மா நிற்கிற நேரத்தில் ஆயா வருவாள், தையற்காரி கடையைப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருவாள். சர்வர் அறைக் கதவின் அடியிலிருந்து குளிர்ந்த காற்று வரும் என்பதால் அதற்கு எதிரில் இருந்த பெஞ்சில்தான் உட்காருவார்கள். கம்பி கதவைத் திறந்தால் அவர்கள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். முதல் இரண்டு தடவை அவர் உள்ளேயே இருந்துவிட்டார். மூன்றாம் தடவை இரண்டு டம்ளர் டீயோடு வந்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள்.

ஒருநாள் தையற்காரி வர நேரமானது. ஆயா தனியாக இருந்தாள். கம்பி நின்றதும் அவளாகவே பேசினாள்.

“எனக்கு இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கக்கூட முடியல சார். அப்படி வேண்டிக்கிட்டா அக்காவுக்கு இருக்கட்டும்னு ஆயிடுது. அதனால வேண்டிக்கறதையே விட்டுட்டேன்.”

தையற்காரி வந்து உட்கார்ந்ததும் அவளிடமும் அதையே சொன்னாள் போலிருக்கிறது. கதவுக்கு இந்தப் பக்கம் தையற்காரியின் குரல் கேட்டது. “நீ வேண்டிக்கோடி. நான் எப்பவோ வேண்டி முடிச்சிட்டேன். எனக்கென்ன வெக்கம்?” பிறகு இருவரும் சிரித்தார்கள். கம்பி கீபோர்டில் வைத்த கையை எடுக்காமல் அந்தச் சிரிப்பு அடங்கும் வரை இருந்தார்.

பதில் வந்த அன்று பெரிய டாக்டர் ஒருவர் பின் ஒருவராகத்தான் உள்ளே கூப்பிட்டார். கம்பியிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. முதலில் போன ஆயா வெளியே வந்து, பெஞ்சில் இருந்த அக்காவைப் பார்க்காமல், கைப்பிடியைக்கூடப் பிடிக்காமல் படியில் ஓடினாள். தையற்காரி அவள் போவதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் அறைக்குள் போய் வந்தது ஒரு மரியாதைக்குத்தான்.

தையற்காரிக்கு வைத்தியம் அதே வளாகத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் ஆரம்பமானது. ஊசி மருந்து ஏற்றும் நாளில் கம்பி கூடத்தில் சொல்லிவிட்டு அங்கே போய்விடுவார். யாரும் போகச் சொல்லவில்லை. அவளும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. இடையில் போன வாரங்களால் ஏதாவது கெட்டுவிட்டதா என்று பெரிய டாக்டரிடம் ஒரு தடவை கேட்டார். “தெரியாது” என்றார் அவர். “கெடாம இருந்திருக்கலாம். கெட்டும் இருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது, என்னாலயும்.”

மூன்றாவது ஊசிக்கு வந்தபோது தையற்காரி தலையில் துணி கட்டியிருந்தாள். அவளே தைத்தது, விளிம்பில் தையல் வெளியே தெரியவில்லை. கம்பியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு போனை எடுக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை போய்ச் சொல்லுங்களேன். எனக்கு அவ மேல ஒண்ணும் இல்லன்னு.”

கம்பி மறுநாளே போனார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வேன் வாசலில் நின்று ஆயா பிள்ளைகளின் பையை வாங்கி, கையைப் பிடித்து ஏற்றி, தலையைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எண்ணிக்கை தப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். அவர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். கேட்டுக்கொண்டே ஒரு குழந்தைக்கு ஷூ நாடாவைக் கட்டிவிட்டாள். நிமிரவில்லை.

“ரிசல்ட் சொன்னப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு சார். ஒரு நிமிஷம்கூட அக்காவை நினைக்கல. படி எறங்கினப்புறம்தான் நினைச்சேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க வர்றது?”

அது உன் தப்பில்லை, தப்பு என்னுடையது என்று கம்பி சொன்னார். அவள் தலையாட்டினாள். ஆனால் அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். வர்றேன்னு சொல்லிடுங்க சார் என்று சொல்லிவிட்டு ஏறிக் கதவைச் சாத்தினாள்.

அவள் அடுத்த ஊசி நாளிலும் வரவில்லை, அதற்கடுத்ததிலும் வரவில்லை. தையற்காரி ஒவ்வொரு தடவையும் வாசலைப் பார்த்தாள். வேலையாக இருப்பாள் என்று கம்பி சொன்னார். மனைவியிடம் மைத்துனனைப் பற்றிச் சொன்ன அதே வாக்கியம்தான் இது என்று சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

“இருக்கட்டும்” என்றாள் தையற்காரி. “பிள்ளைங்களை வச்சுக்கிட்டு இருக்கறவ. நினைச்ச நேரத்துக்கு வர முடியுமா?”

உள்ளேயிருந்து நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். அவள் எழுந்து, தன் பையைக் கம்பியிடம் நீட்டினாள். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கதவு சாத்திக்கொண்டது. ஊசி ஏறி முடிய மதியம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள்.